வீல் பொருந்துகிறது, விளக்கு அணையவில்லை: வேறு மாடல் ஆண்டு வீல் மாட்டியபின் வரும் டயர் சென்சார் கோளாறுகள்

ஐந்து நட்டும் சரியாக உட்காரும். ஹப்பில் வீல் கச்சிதமாகப் பொருந்தும். பிரேக் காலிப்பரில் எங்கும் உரசாது. வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போவதற்குள் மீட்டரில் டயர் காற்றுக்கான அந்த மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கும்: குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. "ஒரே கார்தானே, மூன்று வருஷம்தான் வித்தியாசம்" என்று சொல்லி வீலை விற்றவர் பொய் சொல்லவில்லை. உலோகம் பொருந்தியது. பொருந்தாமல் போனது வீலுக்குள் இருக்கும் ரேடியோ.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். என் காரின் முந்தைய மாடலுக்கு வந்த அலாய் வீல்கள் நான்கை வாங்கி மாட்டிவிட்டு, புதுச் சென்சார்களைக் காரில் பதியவைக்கும் வேலையை ஒரு சனிக்கிழமை முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்தேன். நான்கு தடவை. ஐந்தாவது தடவைக்கு முன்னால் அலுத்துப்போய் ஒரு டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து இறக்கிப் பார்த்தால், சென்சாரின் கறுப்பு முதுகில் பொடி எழுத்தில் 315 என்று இருந்தது, அதாவது அது பேசும் ரேடியோ அலைவரிசை, மெகாஹெர்ட்ஸில். என் கார் கேட்டுக்கொண்டிருந்ததோ 433இல். இன்னும் நாற்பது தடவை செய்திருந்தாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அதனால் இங்கே வரிசை இப்படி: முதலில் அறிகுறி, அதற்கேற்ற ஒரு சோதனை, அப்புறம்தான் பர்ஸ்.

## தேவையான அளவுக்கு அடிப்படை

டயர் காற்றைக் கண்காணிக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு வீலுக்குள்ளும், வால்வின் அடியோடு சேர்ந்து, ஒரு சென்சார் இருக்கும். அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். இது நேரடி முறை. இன்னொன்றில் வீலுக்குள் ஒன்றுமே கிடையாது. காற்று இறங்கிய டயரின் விட்டம் ஒரு துளி குறையும். அதனால் அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். அதை ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்களை வைத்துக் கார் கண்டுபிடித்துவிடும். இது மறைமுக முறை.

நேரடி முறையில் ஒரு சென்சார் சொல்வது மீட்டர் வரைக்கும் போய்ச் சேர நான்கு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு உயிர் இருக்க வேண்டும். கார் கேட்கும் அலைவரிசையில் பேச வேண்டும். காருக்குப் புரியும் மொழியில், அதாவது அந்தக் கார் எதிர்பார்க்கும் தரவு வடிவத்தில், பேச வேண்டும். கடைசியாக, அந்த சென்சாரின் அடையாள எண் காரின் பட்டியலில் பதிந்திருக்க வேண்டும். மாடல் ஆண்டு மாறும்போது ஆபத்தானவை நடுவில் உள்ள இரண்டும். ஆனால் எல்லோரும் முதலில் கைவைப்பது நான்காவதில்.

## முதல் கேள்வி: சிமிட்டுகிறதா, நிலையாக எரிகிறதா

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எல்லா விளக்குகளோடும் சேர்ந்து இதுவும் சில நொடி எரிந்து அணையும். அது வெறும் பல்பு சோதனை, விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள்.

விளக்கு ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் வரை சிமிட்டி, பிறகு நிலையாக எரிந்தால், "எனக்கு சென்சாரின் குரல் கேட்கவில்லை" என்று கார் சொல்கிறது. சிமிட்டாமல் நேரே எரிந்தால், "கேட்கிறது, காற்று குறைவு என்கிறது" என்று பொருள். இரண்டும் ஒரே விளக்கு என்பதால் பலர் குழம்புகிறார்கள். சிமிட்டும் விளக்கைப் பார்த்துவிட்டு நான்கு டயருக்கும் காற்றுப் பிடித்துக்கொண்டே இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சிமிட்டல் யாரோ ஒரு கார் கம்பெனியின் விருப்பம் அல்ல. அமெரிக்காவில் 2000இல் டிரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி எழுதப்பட்ட 138ஆம் எண் பாதுகாப்புத் தரத்திலேயே, ஒரே விளக்கு இரண்டு வேலையையும் செய்வதானால் கோளாறு வரும்போது 60 முதல் 90 நொடி சிமிட்டிவிட்டு எரிய வேண்டும் என்று இருக்கிறது. அங்கே 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புது இலகு ரக வாகனங்களுக்கும் இது கட்டாயம். ஐரோப்பாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2014 நவம்பரில். திரையில் எழுத்தாகவே செய்தி காட்டும் கார்களும் உண்டு. அப்போது விளக்கைவிட அந்த வாசகத்தை நம்புங்கள்.

இன்னொன்று. நிறுத்திய காரில் உட்கார்ந்து இதைச் சோதிக்க முடியாது. பேட்டரியை மிச்சம் பிடிக்க சென்சார்கள் வண்டி நிற்கும்போது தூங்கிவிடும். சக்கரம் சுற்றினால்தான் விழிக்கும். கோளாறு என்று முடிவுசெய்யக் காருக்கு 20 நிமிட ஓட்டம் கூடத் தேவைப்படலாம். வீல் மாட்டிய கையோடு விளக்கு எரியவில்லை என்று சந்தோஷப்படுவது அவசரம்.

## அறிகுறி: சிமிட்டல் இல்லை, நிலையாக எரிகிறது

நல்ல செய்தி. சென்சார் வேலை செய்கிறது, கார் கேட்கிறது. காற்றைப் பாருங்கள்.

இங்கே ஒரே ஒரு பொறி. விளக்கு எந்த அளவில் எரிய வேண்டும் என்ற எண் சென்சாரில் இல்லை, காரின் கணினியில் இருக்கிறது. அமெரிக்க விதியில் அது, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் அட்டையில் போட்ட அழுத்தத்தைவிட 25 சதவீதம் கீழே; ஐரோப்பிய விதியில் 20 சதவீதம். அட்டையில் 40 பி.எஸ்.ஐ. என்று இருந்தால் 30இலேயே விளக்கு வந்துவிடும். வீல் வந்த பழைய காரின் அட்டையில் 32 இருந்திருக்கலாம், விற்றவர் 30 பிடித்துக் கொடுத்திருக்கலாம். அதெல்லாம் உங்கள் காருக்குக் கணக்கில்லை. உங்கள் கதவில் இருக்கும் எண்ணுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது, காற்றுப் பிடியுங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும் என்பதால், மதியம் அணைந்த விளக்கு மறுநாள் விடியற்காலை திரும்பி வந்தால் அது எல்லைக்கோட்டில் நிற்கும் டயர்தான்.

ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். முழு அளவு ஸ்டெப்னி வைத்த சில கார்களில் ஐந்தாவது சென்சார் அதற்குள் இருக்கும். நான்கையும் பத்துத் தடவை அளந்தவர்கள் ஐந்தாவதை அளந்திருக்க மாட்டார்கள்.

## அறிகுறி: சிமிட்டுகிறது, நான்கு வீலுக்கும் எண்ணுக்குப் பதில் கோடுதான் தெரிகிறது

மாடல் ஆண்டு பிரச்சினையின் அசல் முகம் இதுதான். நான்கு பேட்டரிகளும் ஒரே நாளில் செத்துப்போவது அரிது. நான்கும் ஒன்றாக மௌனமானால் ஒன்று அலைவரிசை, இல்லையென்றால் மொழி, இல்லையென்றால் பதிவு. இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

அலைவரிசையைத் தெரிந்துகொள்ள டயரைக் கழற்ற வேண்டியதில்லை. நான் கழற்றியது என் பொறுமையின்மை. டயர் கடையிலும் நல்ல மெக்கானிக்கிடமும் கையடக்கமான டிபிஎம்எஸ் (டயர் அழுத்தக் கண்காணிப்பு) கருவி இருக்கும். அதை வால்வுக்குப் பக்கத்தில் டயரின் பக்கவாட்டில் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு தட்டு தட்டி சென்சாரை எழுப்பும். எழுந்த சென்சார் தன் அடையாள எண், அழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் ஒப்பிக்கும். பெரும்பாலான கருவிகள் அது 315 மெகாஹெர்ட்ஸா 433ஆ என்பதையும், பேட்டரி நிலையையும் திரையில் காட்டும். ஒரு வீலுக்கு அரை நிமிட வேலை.

கருவியில் காரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் கவனம் தேவை. எழுப்பும் முறை சென்சாருக்குச் சென்சார் மாறும். அதனால் சோதிக்கும்போது வீல் வந்த காரின் ஆண்டைக் கொடுங்கள், நீங்கள் ஓட்டும் காரின் ஆண்டை அல்ல. உங்கள் காரின் ஆண்டைக் கொடுத்தால் பதில் வராது. உடனே "பேட்டரி செத்துப்போச்சு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். உயிரோடு இருக்கும் நான்கு சென்சார்கள் இப்படித்தான் குப்பைக்குப் போகும்.

அடுத்தது, உங்கள் கார் எதைக் கேட்கிறது? உறுதியான வழி, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த உங்கள் பழைய வீலை அதே கருவியால் படிப்பது. கழற்றி ஓரமாக வைத்திருக்கும் அந்த வீல்தான் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம். எல்லாம் சரியாகும்வரை விற்றுவிடாதீர்கள். அதுவும் இல்லையென்றால் காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிப்பாக எண்ணைக் கேளுங்கள். ரிமோட் சாவியும் ஒரு துப்பு. பல கார்களில் சாவிக்கும் டயருக்கும் ஒரே ரிசீவர்தான், ஆகவே சாவி 433 என்றால் சென்சாரும் 433ஆக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு மட்டும்தான், சாட்சியம் அல்ல.

315 பெரும்பாலும் வட அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் வரும். ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் 433. அமெரிக்காவிலேயே பல கம்பெனிகள் மாடல் மாற்றத்தின்போது 315ஐ விட்டு 433க்குப் போய்விட்டன. ஆகவே ஒரே ஆண்டு, ஒரே மாடல், வேறு நாட்டுக்காகத் தயாரித்தது என்றாலும் சென்சார் வேறாக இருக்கலாம். அலைவரிசை வேறு என்று தெரிந்துவிட்டால் சமாதானம் எதுவும் இல்லை. காரோடு வந்த 315 சென்சாரை எந்த ஸ்கேனராலும் 433 ஆக்க முடியாது. ரிசீவரையும் சேர்த்து மாற்றுபவர்கள் உண்டு, அது வேறு கதை. சென்சாரை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

### இரண்டும் 433தான், இருந்தும் கேட்கவில்லை

அலைவரிசை ஒன்று என்றதும் "அப்போ சரி" என்று நிம்மதியாகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் வேறு வேறு மொழியில் பேசலாம். அலையை எப்படி அசைத்துத் தரவை ஏற்றுவது, ஒரு செய்தியில் எத்தனை பிட், எந்த வரிசையில் அழுத்தம், எந்த இடத்தில் அடையாள எண், பிழை சரிபார்க்கும் கணக்கு என்ன என்பதெல்லாம் சென்சார் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு. கார் கம்பெனி சென்சார் சப்ளையரை மாற்றிய ஆண்டில், வெளியே பார்க்க ஒன்றும் மாறாமல், உள்ளே எல்லாம் மாறிவிடும்.

டெஸ்லாவை எடுத்துக்கொள்ளலாம். மாடல் எஸ் காரில் 2014இன் பிற்பகுதிக்கு முன்னால் வந்த சென்சார்களும் பின்னால் வந்தவையும் 433தான். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாது. மாடல் 3 காரில் கதை இன்னும் ஒரு படி மேலே. தொடக்க ஆண்டுகளில் 433 மெகாஹெர்ட்ஸ்; பிறகு 2021 மாடல்களையொட்டி புளூடூத் சென்சார்களுக்கு மாறிவிட்டார்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ். வீல் அதே அளவு, போல்ட் இடைவெளி அதே, பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பழைய வீலைப் புதிய காரில் மாட்டினால் காருக்கு டயர் இருப்பதே தெரியாது.

பல கம்பெனிகள் இப்படி மாற்றுகின்றன. அதுவும் எப்போதும் ஜனவரி முதல் தேதியில் மாற்றுவதில்லை. தொழிற்சாலையில் ஓர் ஆண்டின் நடுவிலேயே சென்சார் மாறும். அதனால் "2016 மாடலுக்கு எது?" என்ற கேள்விக்குச் சில கார்களில் இரண்டு பதில் இருக்கும். பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டைவிட, கதவு நிலையில் உள்ள தயாரிப்பு மாதம் நம்பகமானது. உதிரிப்பாக எண்ணையும் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். முதல் எட்டு எண் ஒன்றாக இருந்து கடைசி எழுத்து மட்டும் வேறாக இருந்தால், சில நேரம் அது வெறும் வால்வு நிற மாற்றம், சில நேரம் தலைமுறையே வேறு. பழைய எண்ணுக்குப் பதிலாகப் புது எண் செல்லுபடியாகும் என்று பாகப் பட்டியலில் இருந்தால், புதியதைப் பழைய காரில் போடலாம். பழையதைப் புதிய காரில் போடலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. கணினியில் செருகும் விலை குறைந்த யுஎஸ்பி ரேடியோ ரிசீவர் ஒன்றும், ஆர்டிஎல் 433 என்ற இலவச மென்பொருளும் இருந்தால், பல வகை டயர் சென்சார்களின் பேச்சை வீட்டிலிருந்தே படிக்கலாம். பக்கத்து வீட்டுக் கார் கிளம்பும்போது அதன் நான்கு டயரின் அழுத்தமும் உங்கள் திரையில் ஓடும். அந்தச் செய்திகளுக்குப் பெரும்பாலும் பூட்டே கிடையாது என்பது அப்போதுதான் உறைக்கும்.

## அறிகுறி: கருவி படிக்கிறது, கார் பதிய மறுக்கிறது

அலைவரிசையும் சரி, மொழியும் சரி என்று உறுதியான பிறகுதான் இந்தப் பகுதிக்கு வர வேண்டும். கருவி படிக்கிறது என்பதாலேயே கார் படிக்கும் என்று ஆகாது. கருவிக்கு ஊரிலுள்ள எல்லா மொழியும் தெரியும், காருக்கு ஒன்றுதான் தெரியும்.

புது அடையாள எண்களைக் கார் ஏற்க மூன்று வழிகள் இருக்கின்றன. சில கார்களுக்குச் சும்மா ஓட்டினால் போதும். 10, 20 நிமிடம் நிற்காமல் ஓட்டியதும் தானே கற்றுக்கொள்ளும். சில கார்களைப் பதியும் நிலைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு வீலாகக் கருவியால் எழுப்ப வேண்டும். மூன்றாவது வகையில், காரின் கணினியோடு பேச உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி எண்களைக் கணினியில் எழுதினால்தான் உண்டு. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் தானாகப் பதியாது. உங்கள் கார் எந்த வகை என்று கையேட்டில் பார்க்காமல் ஆரம்பிப்பது நேரத்தைத் தொலைக்கும் வேலை. இங்கேயும் மாடல் ஆண்டு விளையாடும்: முந்தைய தலைமுறை தானே கற்றுக்கொள்ளும், அடுத்தது ஸ்கேனர் கேட்கும்.

வரிசையும் முக்கியம். ஒவ்வொரு வீலாகப் பதியும் கார்கள் பலவற்றில் முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று கடிகாரச் சுற்றாகப் போக வேண்டும். ஒவ்வொன்றும் பதிந்ததும் ஹாரன் ஒரு முறை சிணுங்கும் கார்களில், சிணுங்காமல் அடுத்த வீலுக்குப் போகாதீர்கள். சிணுங்கவில்லையா? காரை ஓரடி முன்னே நகர்த்திப் பாருங்கள். வால்வு இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சில நிலைகளில் அலை உடற்பகுதியில் மறைந்துவிடும். ஓரடி நகர்ந்ததும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். என் அனுபவத்தில் பின் வலது வீல்தான் இப்படிப் படுத்தும், ஏன் என்று கேட்காதீர்கள்.

கழற்றிய பழைய வீல்களைப் பக்கத்திலேயே அடுக்கி வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். பதியும் நிலையில் இருக்கும் கார் முதலில் வரும் குரலைப் பிடித்துக்கொள்ளும். கருவி எழுப்பியது அடுக்கில் இருக்கும் பழைய சென்சாரை என்றால், கார் மகிழ்ச்சியாக அதைப் பதிந்துகொள்ளும். நீங்களும் நான்கு சிணுங்கல் கேட்டுவிட்டோம் என்று கிளம்புவீர்கள். அரை மணி நேரத்தில் விளக்கு சிமிட்டும். பழைய வீல்களைப் பத்துப் பன்னிரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

## அறிகுறி: மூன்று வீல் சரி, ஒன்று மட்டும் கோடு

பேட்டரியாக இருக்கலாம். சென்சாருக்குள் இருப்பது சிறிய லித்தியம் செல்; பிசினில் மூழ்கவைத்து மூடியிருப்பார்கள், மாற்ற முடியாது. ஆயுள் 5 முதல் 10 ஆண்டு. பழைய மாடலின் வீல் வாங்கும்போது அதோடு வயதான பேட்டரியையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். ஒன்று போயிருந்தால் மற்ற மூன்றும் பின்னாலேயே வரும் என்று கணக்குப் போட்டு நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதே என் பழக்கம். டயரைக் கழற்றி மாட்டும் கூலி ஒவ்வொரு முறையும் தனி.

கையால் எண் எழுதிய கார் என்றால், எழுதியதைச் சரிபாருங்கள். அடையாள எண் பெரும்பாலும் 8 இலக்கம், சிலவற்றில் 7. 0 முதல் 9 வரையும், ஆங்கில எழுத்தில் ஏ முதல் எஃப் வரையும் வரும். சென்சாரின் முதுகில் அழுக்குப் படிந்த பொடி எழுத்தில் பி என்பது 8 மாதிரியும், டி என்பது 0 மாதிரியும் தெரியும். ஓ என்ற எழுத்து அங்கே வரவே வராது. வட்டமாக இருந்தால் சுழியம்தான்.

டயரைக் கழற்றி மாட்டும்போது மெஷினின் கம்பி பட்டு சென்சார் உடைவதும் உண்டு. வால்வு இருக்கும் இடத்தைக் காட்டி "இங்கே சென்சார் இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பஞ்சருக்கு ஊற்றும் பசைத் திரவம் அழுத்தத்துளையை அடைத்திருந்தால் கோடு வராது, ஆனால் எண் அசையாமல் நிற்கும்: காற்று இறங்கினாலும் அதே 33.

## அறிகுறி: எண் வருகிறது, இடம் தப்பு

முன் இடது டயரில் காற்றைக் குறைத்தால் மீட்டரில் பின் வலது குறைகிறது. பழுது ஒன்றும் இல்லை. பதிந்த வரிசை தப்பு, அல்லது பதிந்தபின் வீல்களை இடம் மாற்றியிருக்கிறீர்கள். திரும்பச் சரியான வரிசையில் பதியுங்கள். சில புதிய கார்கள் சக்கரச் சுழற்சியை ஏபிஎஸ் கணக்கோடு ஒப்பிட்டுத் தாமே இடத்தைக் கண்டுபிடிக்கும். அவற்றைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும்.

## அறிகுறி: மெனுவில் சென்சார் பதியும் இடமே இல்லை

அப்படியென்றால் உங்கள் கார் மறைமுக முறையாக இருக்கலாம். ஹோண்டா அக்கார்டில் அமெரிக்கச் சந்தைக்கான 2008 முதல் 2012 வரையிலான தலைமுறை நேரடி முறை, வீலுக்குள் சென்சார் உண்டு. 2013இல் வந்த தலைமுறை மறைமுக முறைக்கு மாறியது. பழைய அக்கார்டின் வீலைப் புதியதில் மாட்டினால் உள்ளிருக்கும் சென்சார் யாருக்கும் வேண்டாத விருந்தாளி. இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு தொல்லையும் இல்லை. தலைகீழாகச் செய்தால்தான் தொல்லை: புதிய காரின் வீலில் சாதா ரப்பர் வால்வுதான் இருக்கும், பழைய கார் இல்லாத சென்சாரைத் தேடிச் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

மறைமுக முறையில் வீல் மாற்றியபின் செய்ய வேண்டியது அளவீட்டை மீட்டமைப்பது. அதற்கு முன்னால் காற்றைச் சரியாகப் பிடித்துவிடுங்கள், ஏனென்றால் அந்த நொடியில் டயரில் என்ன இருக்கிறதோ அதையே "சரியான அளவு" என்று கார் எடுத்துக்கொள்ளும். 24 பி.எஸ்.ஐ.யில் மீட்டமைத்தால் 24தான் அதற்கு வேதவாக்கு. நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருப்பதும் இங்கே முக்கியம். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் கணக்கு தடுமாறும்.

## அறிகுறி: ஒன்றிரண்டு நாள் சரியாக ஓடிவிட்டு மறுபடி சிமிட்டுகிறது

விட்டு விட்டு வரும் கோளாறுதான் எரிச்சலூட்டுவது. குளிரில் மட்டும் வந்தால் சாகப்போகும் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வந்தால் அங்கே அதே அலைவரிசையில் வேறு எதுவோ கத்துகிறது. எங்கேயும் எப்போதும் வந்தால், காரில் புதிதாகச் செருகிய பொருளைக் கழற்றிப் பாருங்கள். மட்டமான போன் சார்ஜர், டேஷ் கேமரா, எல்இடி பல்பு எல்லாம் ரிசீவரின் காதில் இரைச்சல் போடக்கூடியவை.

பழைய சென்சார்களை ஒரு பிளாஸ்டிக் குழாயில் போட்டு, காற்றடைத்து, டிக்கியில் வைத்து விளக்கை ஏமாற்றும் வித்தை ஒன்று உலவுகிறது. சில கார்களில் அது பலிக்கவும் செய்யும். நான்கு டயரும் தரையோடு ஒட்டிப்போனாலும் மீட்டர் 35 என்று காட்டும். விளக்கைக் கறுப்பு டேப்பால் மூடுவது இதைவிட நேர்மையானது.

## அறிகுறி: வால்வுப் பக்கம் காற்றுக் கசிவு

சென்சார் வால்வு இரண்டு விதம்: ரிம்மின் துளையில் இழுத்துப் பொருத்தும் ரப்பர்த் தண்டு, நட்டு போட்டு இறுக்கும் அலுமினியத் தண்டு. அலுமினியத் தண்டில் ரப்பர் வாஷர், நட்டு, வால்வு ஊசி மூன்றையும் டயர் கழற்றும்போதெல்லாம் புதிதாக்க வேண்டும். பித்தளை ஊசியைப் போட்டால் அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து ஒட்டிக்கொள்ளும்; நிக்கல் பூசிய ஊசிதான் சரி. மூடியும் அப்படித்தான், பிளாஸ்டிக்கே நல்லது. பழைய ஃபோர்டு வீல்களில் சென்சார் வால்வில் இல்லாமல், ரிம்மைச் சுற்றிய உலோகப் பட்டையில் கட்டியிருக்கும். வால்வைப் பார்த்து "சென்சார் இல்லை" என்று நினைத்து டயர் கம்பியை விட்டால் உடைந்துவிடும்.

## புதுச் சென்சார் வாங்குவதானால்

வீலுக்கு அல்ல, காருக்குப் பார்த்து வாங்குங்கள். வீலின் ஆண்டு பழைய கதை. கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது காரின் ஆண்டு, தயாரிப்பு மாதம், எந்த நாட்டுச் சந்தைக்கான கார் என்பது. தண்டின் கோணம் ரிம்மின் உட்புறத்தில் படியுமா என்பதை மட்டும் வீலைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கருவியால் எழுதக்கூடிய வெற்றுச் சென்சார்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. 315, 433 இரண்டையும் பேசுபவையும் உண்டு. அவற்றின் பெரிய வசதி நகலெடுப்பது. உங்கள் பழைய வீலில் உள்ள நான்கு அடையாள எண்களையும் படித்து, அதே எண்களைப் புதியவற்றில் எழுதிவிட்டால், காருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. பதியும் சடங்கே வேண்டாம். ஸ்கேனர் கேட்கும் கார்களுக்கும், பருவத்துக்கு ஒரு செட் என்று இரண்டு செட் வீல் வைத்திருப்பவர்களுக்கும் இதைத்தான் சிபாரிசு செய்வேன். எந்த எண் எந்த மூலையில் இருந்தது என்று கழற்றுவதற்கு முன்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எண் கொண்ட இரண்டு வீல்களை ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், ஒன்று டிக்கியில் இருந்தாலும் சரி.

எல்லாம் முடிந்து விளக்கு அணைந்தபின் ஒரு வேலை பாக்கி. சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டயர் ஆறியதும், ஏதாவது ஒரு வீலின் வால்வு ஊசியை அழுத்தி, அட்டையில் உள்ள அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறையும்வரை காற்றை இறக்குங்கள். வேகமான இறக்கத்தைக் கண்டால் சென்சார் தன் முறைக்காகக் காத்திராமல் உடனே தகவல் அனுப்பும். ஒன்றும் ஆகவில்லையென்றால், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிந்து, மீட்டரில் அதே மூலை குறைந்தால் வேலை முடிந்தது. காற்றைத் திரும்பப் பிடியுங்கள், மூடியைப் போடுங்கள். பழைய வீலை இப்போது விற்கலாம்.